சோதனைத் துண்டுகள்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற மாணவிகளின் சித்திரக் கண்காட்சித் தொடக்க நிகழ்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியிலிருந்து வைத்தியத்துறைக்குச் சென்றவர்கள் பலர் இருக்கின்றோம். எங்களை வழமையாக அழைப்பது நீரிழிவு பற்றியும் டெங்கு பற்றியும் பேசுவதற்குத்தான். இம்முறை சித்திரக் கண்காட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். உயர்தரத்தில் உயிரியல் எடுத்த அன்றோடு வர்ணப் பெட்டியை மூடி வைத்த எங்களில் பலருக்கு இது பெரிய மகிழ்ச்சி.

மண்டபத்தைச் சுற்றி வந்தபோது பனந்தும்பும், ஈர்க்கும், பழைய சீருடைத் துணியும், சீமெந்துப் பைக் கடதாசியும், துருப்பிடித்த கம்பியும், மருந்துப் போத்தல் மூடிகளும் ஒரே பலகையில் ஒன்றாக இருப்பதைக் கண்டோம். இதனைக் கலப்பு ஊடகம் என்று சித்திரப் பாடத்தில் சொல்கிறார்கள். சொல் புதிதாக இருக்கலாம். வேலை எங்களுக்குப் புதியதல்ல. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகி, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தோம். எந்தப் பொருள் எதற்கு உதவும் என்பதைத் தொட்டுப் பார்த்தும் கெடுத்துப் பார்த்தும்தான் அறிந்துகொண்டோம். அப்போது அதற்குப் பெயர் தட்டுப்பாடு. இந்த மண்டபத்தில் அதே திறமைக்குப் பெயர் கலை.

இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புவது ஒரு பெண் ஓவியரின் கதை. அவர் பெயர் ஈவா ஹெஸ்ஸே. அவர் 1936 ஜனவரியில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகளின் கொடுமை முற்றிய 1938 இன் இறுதியில், மூன்று வயதுகூட நிரம்பாத அவரையும் அவரது அக்காவையும் பெற்றோர் சிறுவர்களுக்கான புகையிரதத்தில் நெதர்லாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். சில மாதங்களின் பின் பெற்றோரும் வந்து சேர, இங்கிலாந்து வழியாக 1939 இல் குடும்பம் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. உறவினர் பலர் தப்பவில்லை. பத்து வயதில் அவர் தாயையும் இழந்தார். இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பையுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளைகள் எங்களிலும் பலர் இருக்கின்றோம்.

அவர் நியூயோர்க்கிலும் பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் ஓவியம் படித்தார். 1964 இல் ரூர் நதிக்கரையிலுள்ள கெட்விக் என்ற ஊரிலிருந்து ஒரு துணி ஆலை உரிமையாளரின் அழைப்பு வந்தது. அழைப்பு முதன்மையாக அவரது கணவரான சிற்பி டொம் டொயிலுக்குத்தான். இவரும் கூடப் போனார். தான் தப்பி ஓடிய நாட்டுக்கே திரும்பிப் போவது அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. அங்கே கைவிடப்பட்ட ஆலைக் கட்டடத்தில் அவர்களுக்கு வேலைசெய்ய இடம் கிடைத்தது. மாதக்கணக்காக வரைந்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

ஆலையின் தரையெங்கும் கழித்துவிட்ட கயிறுகள், நூல், கம்பி, உடைந்த இயந்திரப் பாகங்கள் கிடந்தன. அவற்றைப் பாவித்துப் பார்க்கலாமே என்று கணவர் சொன்னார். 1964 டிசம்பரில் ஒரு கம்பி வலையை எடுத்து, சாந்தில் தோய்த்த கயிற்றுத் துண்டுகளை அதன் துவாரங்கள் வழியே இழுத்துப் பார்த்தார். அங்கிருந்து அவர் கை வேறு திசைக்குத் திரும்பியது. பலகையின்மீது காகிதக் கூழை ஒட்டி, துணி சுற்றிய மின்கம்பியை வட்டம் வட்டமாகப் பதித்து, எனாமல் பூசி, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு புடைப்புப் படங்களைச் செய்தார். 1965 ஓகஸ்ட் மாதம் டுசெல்டோர்ஃப் நகரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தக் கண்காட்சியின் ஜேர்மன் தலைப்பைத் தமிழில் 'பொருட்படங்களும் வரைபடங்களும்' எனலாம். பொருளைத் தலைப்பிலேயே முன்னுக்கு வைத்துவிட்டார்கள்.

இந்த மாதங்களில் அவர் தன்னை மிகவும் சந்தேகித்தார். அதை அறிந்த நண்பர், ஓவியர் சோல் லெவிட் 1965 இல் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். யோசித்துக் கவலைப்படுவதை நிறுத்து, செய், மோசமான வேலையைக்கூடச் செய்து பார் என்பதே அதன் சாரம். உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்திமதிக்கு இது நேரெதிரானது. பிழை விடாதே, நேரத்தை வீணாக்காதே என்றுதான் நாம் சொல்லி வருகின்றோம்.

நியூயோர்க் திரும்பிய பின் 1966 இல் அவர் செய்த ஒரு வேலை இன்று சிக்காகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. பெரிய மரச் சட்டம் ஒன்று. அதற்குள் படம் எதுவும் இல்லை. சட்டம் முழுவதும் துணியாலும் கயிறாலும் இறுக்கச் சுற்றப்பட்டிருக்கும். சட்டத்தின் மேலிருந்து ஒரு நீண்ட கம்பி வளைந்து பார்ப்பவரின் காலடிவரை வந்து திரும்பிப் போகும். அந்தச் சுற்றலை அவரே வைத்தியசாலைக் கட்டுடன் ஒப்பிட்டிருக்கிறார். முறிந்த கைக்குக் கட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்த உடனே கை புரிந்துகொள்ளும்.

1967 அளவில் அவர் இறப்பர் பாலை எடுத்தார். எங்கள் நாட்டில் கேகாலையிலும் களுத்துறையிலும் அதிகாலையில் மரத்தைச் சீவிச் சிரட்டையில் சேர்க்கின்ற அதே வெள்ளைப் பால்தான். இறப்பர் கன்றுகள் 1876 இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடவுக்கு வந்து சேர்ந்தன என்பது நாம் சமூகக்கல்வியில் படித்த விடயம். தோட்டத்தில் பாலுக்கு அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக்கி, புகையில் உலர்த்துவார்கள். ஹெஸ்ஸே நியூயோர்க் கனால் வீதிப் பகுதிக் கடைகளில் விற்ற பதப்படுத்திய பாலைத் தூரிகையால் ஒரு படை பூசினார். அது காயும்வரை காத்திருந்து அடுத்த படை பூசினார். நீர் வெளியேற வெளியேறப் பால் சுருங்கும். வெள்ளை நிறம் மாறித் தேன் நிறம் வரும். மெல்லிய துணியில் பூசினால் தோல்போல மடிப்பு விழும். எவ்வளவு தடிப்பில் பூசினால் தொங்கும், எவ்வளவில் கிழியும், எந்தத் துணி பாலைப் பிடிக்கும் என்பதையெல்லாம் அவர் சிறு துண்டுகளில் செய்து பார்த்தார்.

அடுத்ததாகக் கண்ணாடியிழையும் பொலியெஸ்டர் பிசினும். இதை வீட்டில் செய்ய முடியாது என்பதால் ஸ்டேட்டன் தீவிலிருந்த ஒரு பிளாஸ்டிக் பட்டறையின் உதவியைப் பெற்றார். வாளிபோன்ற பத்தொன்பது உருவங்களைக் கொண்ட ஒரு வேலையை முதலில் கம்பிவலையும் காகிதக் கூழும் கொண்டு செய்தவர், 1968 இல் அதையே கண்ணாடியிழையில் செய்தார். பத்தொன்பதும் ஏறத்தாழ அரை மீற்றர் உயரம். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒன்று சரிந்திருக்கும், ஒன்று நெளிந்திருக்கும். அவற்றை எப்படி அடுக்குவது என்றும் அவர் விதி வைக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கின் ஃபிஷ்பாக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சியில் இந்த வேலைகள் வைக்கப்பட்டன. அவர் உயிரோடிருந்த காலத்தில் அமெரிக்காவில் அவரது சிற்பங்களுக்கென்று நடந்த தனிக் கண்காட்சி அது ஒன்றுதான்.

1969 ஏப்ரலில் அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. ஓராண்டுக்குள் மூன்று சத்திரசிகிச்சைகள். இடையிடையே வேலை செய்தார். நோய்க்கு முன் தொடங்கிய ஒரு வேலையை முதற் சத்திரசிகிச்சையின் பின் முடித்தார். பிசினில் தோய்த்த கண்ணாடியிழை நூல்களைக் கொக்கிகளில் தொங்கவிட்ட வேலை அது. அது அளவுக்கு மிஞ்சி அழகாகிவிட்டதென்று அவருக்குப் பட்டது. அதனால் அதே எண்ணத்தைக் கயிற்றிலும் இறப்பர் பாலிலும், சிக்கலும் முடிச்சுமாக, மீண்டும் செய்தார். சுகயீனத்தில் இருந்த ஒருவர், கையில் இருக்கும் அழகை வேண்டாமென்று வைத்துவிட்டு மீண்டும் சோதனைக்குப் போனார் என்பது எங்களை நெடுநேரம் யோசிக்கவைத்த விடயம். 1970 மே 29 ஆம் திகதி, முப்பத்துநான்கு வயதில் அவர் காலமானார்.

அவரது நோய்க்கு அந்தப் பிசினும் புகையும்தான் காரணமென்று சொல்பவர்கள் உண்டு. ஒரு நோயாளியின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைத் தீர்மானிக்க வைத்தியம் இடம் தராது. ஆனால் நன்கு அறியப்பட்ட சில ஆபத்துகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் போனால் எங்களை அழைத்ததில் பயனில்லை. தங்கைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொலியெஸ்டர் பிசினில் ஸ்டைரீன் என்ற ஆவியாகும் பொருள் இருக்கிறது. அது கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தலையிடியும் தலைச்சுற்றும் தரும். நாம் கொரோனாக் காலத்தில் அணிந்த துணி முகக்கவசமோ சத்திரசிகிச்சை முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது. பிசினை இறுக்கச் சேர்க்கும் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கண்ணாடியிழைத் தூள் தோலையும் சுவாசக் குழாயையும் உறுத்தும். எனவே பிசினும் கண்ணாடியிழையும் பாடசாலை அறைக்கு உரியவை அல்ல.

பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் பார்ப்பதற்குச் சாதுவானது. நீரில் கலந்து இறுகும்போது அது சூடாகும். 2007 இல் இங்கிலாந்தில் ஒரு பாடசாலைச் சித்திர வகுப்பில், தன் கைகளின் அச்சை எடுப்பதற்காக ஒரு மாணவி இரண்டு கைகளையும் சாந்து வாளிக்குள் வைத்தாள். அது இறுகிச் சுட்டதில் விரல்களை இழந்தாள். வைத்தியசாலையில் நாங்கள் முறிவுக்குப் போடும் கட்டு மெல்லிய படைகளாக, பஞ்சின் மேல் சுற்றப்படுவது. வாளிக்குள் கையை விடுவது வேறு. கையுறை அணியுங்கள், சிறிதளவாகக் கரையுங்கள், உடலின் எந்தப் பாகத்தையும் சாந்துக்குள் அமிழ்த்தாதீர்கள்.

இறப்பர் பாலைப் பழுதாகாமல் வைத்திருக்க அமோனியா சேர்க்கிறார்கள். ஆகவே காற்றோட்டமான இடத்தில் மட்டும் பாவியுங்கள். இறப்பர் சிலருக்கு ஒவ்வாது. பலூன் ஊதினால் உதடு கடிக்கிறது, கையுறை போட்டால் தோல் தடிக்கிறது என்றால் ஆசிரியையிடம் முதலே சொல்லுங்கள். இத்தகையவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் அவகாடோவும்கூட ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பட்டியலைக் கேட்டுப் பயந்து யாரும் சித்திர அறையை மூடிவிட வேண்டாம். கோதுமை மாப் பசை, கடதாசி, துணி, தும்பு, மண், ஓலை ஆகியவற்றோடு மட்டும் ஒரு ஆயுட்காலம் முழுவதும் சோதனை செய்யலாம். இங்கே வைத்திருக்கும் வேலைகளே அதற்குச் சாட்சி.

இனி ஹெஸ்ஸேயின் வேலைகளுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். இயற்கை இறப்பர் ஒட்சிசனாலும் வெளிச்சத்தாலும் சிதையும். மஞ்சளித்து, கபில நிறமாகி, கடைசியில் நொறுங்கும். பழைய இறப்பர் நாடாவை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவருக்கும் தெரிந்தே இருந்தது. தன் வேலைகளை விலை கொடுத்து வாங்குபவர்களை நினைத்தால் சற்றுக் குற்ற உணர்வு வருகிறது என்றுகூட ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஆயினும் அந்தப் பொருளை அவர் விடவில்லை. வெளிச்சம் ஊடுருவும் அந்தத் தோலை வேறொன்றும் தராது.

அவர் இறப்பர் பாலையும் மெல்லிய துணியையும் கண்ணாடியிழையையும் இணைத்து 1969 இல் செய்த எட்டுத் தொங்கு திரைகள் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் வாழும் எங்கள் அக்காமார் விசாரித்துப் பார்க்கலாம். அதே ஆண்டில் செய்த இன்னொரு பெரிய வேலை நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் களஞ்சியத்திலேயே கிடந்தது. பராமரிப்பாளர்கள் அதைப் படிப்படியாகச் சீர்செய்து 2022 இல் மீண்டும் மக்கள் முன் நிறுத்தினார்கள். புதிதாக இருந்தபோது அது வளைந்து கொடுத்தது. இன்று அது விறைத்து, நிறம் கருமைப்பட்டு நிற்கிறது. அந்த முதுமையோடுதான் அதைக் காட்டினார்கள்.

இதைவிட எங்களை அதிகம் தொட்டது வேறொன்று. அவர் விட்டுச் சென்றவற்றில் உள்ளங்கையளவுத் துண்டுகள் ஏராளம்: இறப்பர் பூசிய துணி, மடித்த கடதாசி, கம்பிவலை, நூல், மெழுகு. பல சோதனைத் துண்டுகள். அவரது அக்கா அவற்றை எறியவில்லை. ஒரு பெரும் தொகுதியை 1979 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2009 இல் எடின்பரோ நகரில் அந்தச் சிறு துண்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். கண்காட்சிக்காகச் செய்து பார்த்தவையே நாற்பது ஆண்டுகளின் பின் கண்காட்சியாகிவிட்டன. காரணம் இலகுவானது. முடிந்த சிற்பத்தைப் பார்த்தால் அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரியும். துண்டுகளைப் பார்த்தால்தான் ஒரு மனுஷி எப்படி யோசித்தாள் என்பது தெரியும். பின்னால் வருபவருக்கு அதிகம் உதவுவது இரண்டாவதுதான்.

எங்கள் துறையிலும் அப்படியே. ஒரு சத்திரசிகிச்சை முறை புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதைச் செய்யும் கை, மூத்தவர் அருகில் நின்று முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மீண்டும் போட்டுப் பழகிய பல மாதங்களிலிருந்து வருகிறது. அந்த மாதங்களுக்குச் சான்றிதழ் கிடையாது.

அக்காமாரே, தோழிகளே, இப்போது எங்கள் வீட்டு விடயத்துக்கு வருவோம். நூற்றாண்டு நினைவாக என்ன செய்வது என்ற பேச்சுச் சங்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது. முன்வாசலில் கருங்கல் வளைவு ஒன்று வேண்டும் என்பது ஒரு பக்கம். வட்ஸ்அப் குழுவில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அதற்குப் பலத்த ஆதரவு வருகிறது. அதன் நியாயம் புரிகிறது. வீடும் ஊரும் கலைந்து போனதைக் கண்ட தலைமுறைகள் நாம். அசையாத, அழியாத ஒன்றில் எங்கள் பெயர் இருக்க வேண்டுமென்ற ஆசையில் குறை காண முடியாது.

ஆனால் சித்திர அறையை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பக்கத்து ஜன்னல்கள் திறப்பதில்லை. கை கழுவும் தொட்டிக்கு நீர் வருவதில்லை. பிள்ளைகள் செய்து பார்த்த துண்டுகளை வைக்க இடமில்லாததால் ஒவ்வொரு தவணை முடிவிலும் அவை குப்பைக்குப் போகின்றன. சிறந்த ஒன்று மட்டும் சட்டம் போட்டு மண்டபத்துக்கு வருகிறது. அடுத்த ஆண்டு வரும் பிள்ளை முடிந்த படத்தை மட்டும் பார்த்து, அக்கா முதல் தடவையிலேயே இப்படிச் செய்தாள் என்று நினைத்துக்கொள்கிறாள். தனக்கு வராது என்று தீர்மானித்து, தூரிகையை வைத்துவிடுகிறாள்.

அதனால் எங்கள் வகுப்பினர் சேர்ந்து ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். திறக்கும் ஜன்னல்கள், காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி, ஓடும் நீர், கையுறைகளும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் வைக்கும் ஒரு அலுமாரி, சுவர் நீளத்துக்குச் சோதனைத் துண்டுகளுக்கான தட்டுகள். அந்தத் தட்டில் ஒவ்வொரு துண்டிலும் பிள்ளையின் பெயர், ஆண்டு, என்ன பொருள், என்ன நடந்தது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். 'பசை போதவில்லை, தும்பு உரிந்தது' என்ற சீட்டு பத்து ஆண்டுகளின் பின் வேறொரு பிள்ளைக்கு ஆசிரியையாக இருக்கும். எங்கள் வகுப்பு இதற்கான முதற் பங்கைத் தரும். தீர்மானம் பொதுக்கூட்டத்துக்கு உரியது. வளைவு வேண்டுமென்று சபை முடிவெடுத்தால் அதற்கும் எங்கள் பங்கைத் தருவோம். இரண்டில் எது முதலில் என்பது மட்டுமே எங்கள் கேள்வி.

தங்கைகளே, உங்கள் வேலைகளில் சில அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சில ஒட்டு விட்டுப் போகும். கவலைப்படாதீர்கள். அவற்றைச் செய்து பார்த்த விரல்கள் உங்களோடு வரும். நீங்கள் பொறியியலுக்குப் போனாலும், சட்டத்துக்குப் போனாலும், எங்களைப்போல வைத்தியசாலைக்கு வந்தாலும் அந்த விரல்களுக்கு வேலை இருக்கும். பெற்றோருக்கும் இதையே பணிவுடன் சொல்கின்றோம்.

மேசைகளின் கீழே, துணியால் மூடி, கைவிட்ட துண்டுகள் சில பெட்டிகளில் இருப்பதைக் கண்டோம். ஆசிரியை அனுமதி தந்தால் அந்தப் பெட்டிகளையும் மேலே எடுத்து வையுங்கள். வந்திருப்பவர்கள் அவற்றையும் பார்க்கட்டும்.

கண்காட்சி திறந்திருக்கிறது.